சாயங்காலத் தம்பி

விருதை வாங்கியது நான். கைதட்டல் வாங்கியது வேறொருத்தி. இதில் யார் மேலும் தப்பில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் வயிறு எரிந்ததா என்று கேட்டால், நன்றாகவே எரிந்தது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் மெக்கானிக். 'இருந்தேன்' என்று சேர்த்துச் சொல்லடா என்பாள் அக்கா. சேர்க்க மாட்டேன். ஒரு புதுக் கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மேல்மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. கதவு திறந்தால் உள்ளே பெட்டி நிற்கும். அந்த நம்பிக்கையில்தான் உலகம் முழுக்க ஜனங்கள் யோசிக்காமல் காலை எடுத்து வைக்கிறார்கள். நானும் வைத்தேன். பெட்டி இல்லை. கதவுப் பூட்டில் ஏதோ கோளாறு என்று பிறகு கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்து என்ன செய்ய? இப்போது கழுத்துக்குக் கீழே எனக்குச் சொந்தமானவை இடது கையில் இரண்டு விரல்கள். மற்றதெல்லாம் அக்காவின் பொறுப்பு.

அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை. காலையில் என்னைத் துடைத்து, ஊட்டி, சாய்த்து உட்கார வைத்துவிட்டுப் போனால் ராத்திரிதான் வருவாள். மத்தியானம் ஒரு நர்ஸ் வந்து என்னைத் திருப்பிப் போட்டுவிட்டு, இன்னொரு வீட்டில் இன்னொருவரைத் திருப்பிப் போட ஓடுவார். என் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் அதில் இறங்கும் தண்ணீர்க் குழாயும் தெரியும். அறையில் என்னைத் தவிர சத்தம் போடுவது ஃபேன் மட்டும். அதுவும் கரண்ட் இருந்தால்.

இந்த நிலைமையில்தான் எனக்கு வேலை கொடுத்தார் டைரக்டர் மேடம். அவருடைய சொந்தத் தம்பி பல வருஷம் படுக்கையிலேயே கிடந்து போய்ச்சேர்ந்தவர். "அவனுக்கு நோயை விட, யாருக்கும் தேவைப்படாமக் கிடக்குறோமேங்கிறதுதான் பெரிய வலி" என்று என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அதற்காக அவர் உருவாக்கிய இயந்திரத்துக்குப் பெயரும் 'தம்பி'தான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் உயரம், அடியில் சக்கரங்கள், குனியவும் திரும்பவும் தெரிந்த கழுத்து, இரண்டு கேமராக் கண்கள், முன்னால் ஒரு தட்டு. அது ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஹாலில் நிற்கும். அதை ஓட்டுகிறவர்கள் என்னைப் போலப் படுக்கையில் கிடப்பவர்கள். என் தாடைக்குக் கீழே ஒரு குச்சி வைத்திருக்கிறார்கள். அதைத் தள்ளினால் தம்பி நடப்பான், நான் பேசினால் பேசுவான். எக்ஸ்ரே எந்தப் பக்கம், ரத்தம் எங்கே கொடுப்பது என்று வழி தெரியாமல் முழிப்பவர்களைக் கூட்டிக்கொண்டு போய் விடுவது வேலை.

தம்பி ஒருவன். ஓட்டுகிறவர்கள் மூன்று பேர். காலையில் ஒரு பெண். நன்றாகப் பேசுவாள், நிறுத்தாமல் பேசுவாள். அதனால் எங்களுக்குள் அவள் பெயர் ரேடியோ. மத்தியானம் கணக்கு வாத்தியார். அவருக்குத் தசை எல்லாம் கரைந்துகொண்டு வரும் வியாதி, நாக்கு குழறும், கண்ணாலேயே எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துப் பேசுவார். சாயங்காலம் நான்.

மூன்று பேருக்கும் ஒரே குரல். மைக்கில் நான் என்ன கரகரத்தாலும் அங்கே தம்பியின் வாயில் வருவது அதே இளம் குரல்தான். ஆரம்பத்தில் அவரவர் குரல்தான் இருந்ததாம். வாத்தியார் பேசியதும் ஜனங்கள் முகத்தைச் சுளித்து, "வேற ஆளைக் கூப்பிடுங்க" என்றார்களாம். அன்றைக்கு மேடம் அழுதுவிட்டாராம். அதன்பிறகுதான் ஒரே குரல், ஒரே பெயர், நாங்கள் யார் என்று யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்ற விதி. எங்களில் ஒருவர் உசத்தி, ஒருவர் மட்டம் என்று ஆகிவிடக் கூடாது. பேசுவது எல்லாம் பதிவாகும். நான்காவதாக ஒருவர் இருந்தார். ஒரு நோயாளியிடம் தன் கதையைச் சொல்லப் போக, மறுநாள் அவர் வேலையில் இல்லை.

விதி நியாயமானதுதான். வாத்தியாரை நினைத்தால் நானே அதற்குக் கை தூக்குவேன், கை தூக்க முடிந்தால். ஆனால் அதே விதிதான் என்னைக் கொன்றது.

தையல்காரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று சாயங்காலம் ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டி வருவார். அவரை உள்ளே படுக்க வைத்த பிறகு அம்மாவுக்கு வேலை இல்லை. ஹாலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த துணிக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருப்பார். தோள்பட்டையில் எப்போதும் நாலைந்து ஊசிகள் குத்தியிருக்கும்.

முதல் நாள் அம்மாவை மாடிக்கு லிஃப்டில் கூட்டிப்போனேன். முட்டி வலிக்காரர், மெதுவாகத்தான் வருவார். அன்றைக்கு அவருடைய ஃபைல் தட்டிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்துவிட்டது. "இந்தத் தட்டைச் செஞ்சவன் கையில கிடைச்சா..." என்று வாய் தவறி முணுமுணுத்துவிட்டேன். அந்த இளம் குரலில் அது எப்படிக் கேட்டதோ, அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த முறை வரும்போது தட்டின் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு துணி விரிப்பு தைத்துக்கொண்டு வந்து, மூலைகளில் நாடா வைத்துக் கட்டிவிட்டார்.

"இனிமே வழுக்காது தம்பி. யாரையும் திட்டாதே."

அதன்பிறகு கூட்டம் இல்லாத நேரமெல்லாம் தம்பியை அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவேன். அவர் பேசுவார். மருமகள் போனை எடுக்காதது, ஒரு ஜாக்கெட்டுக்கு மூன்று தடவை அளவு மாற்றச் சொன்ன வாடிக்கையாளர், வீட்டுக்காரர் உப்பு கேட்டுப் பண்ணும் ரகளை. சில நாள் பேசவே மாட்டார். நானும் பேச மாட்டேன். அந்த ஊசி துணிக்குள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். படுக்கையில் விழுந்த பிறகு, என்னிடம் எதுவும் செய்யாமல், என்னைத் துடைக்காமல், திருப்பாமல், பரிதாபப்படாமல் ஒரு மனுஷி சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அங்கேதான்.

அக்காவுக்கு விஷயம் தெரியும். சாயங்கால ஷிஃப்டுக்கென்று காலையிலேயே எனக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டிவிட ஆரம்பித்தாள்.

"எதுக்குக்கா? யாரு பாக்கப் போறா?"

"ஏன், நான் பாக்கலையா? ஆபீஸ் போற ஆளு, பனியனோட போவியா?"

ஷிஃப்ட் முடியும்போது நடந்ததை எல்லாம் அடுத்தவருக்குச் சொல்லிவிட வேண்டும், இதுவும் விதி. தம்பிக்கு ஞாபகமறதி இருக்கக் கூடாதே. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று விடாமல் சொல்வேன். வீட்டுக்காரருக்குக் கால் வீங்கியிருக்கிறது, மருமகள் பேசிவிட்டாள், எல்லாம். ரத்தப் பரிசோதனைக்குச் சில காலைகளிலும், அதன் ரிசல்ட் வாங்கச் சில மத்தியானங்களிலும் அம்மா வருவார். ரேடியோ அன்பாக, "சாருக்குக் கால் வீக்கம் வத்திச்சாம்மா?" என்று கேட்பாள். அம்மா உருகிப்போவார். "எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்கியே என் ராசா" என்பாராம். ரேடியோ அதை என்னிடம் சந்தோஷமாகச் சொல்வாள். அது எனக்கு வர வேண்டிய ராசா. இந்த அற்பத்தனத்துக்காக என்னை நானே திட்டிக்கொள்வேன். ஆனால் உலகத்தில் ஒரே ஒருவராவது, 'இது அவன், மற்றவன் இல்லை' என்று என்னைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறெதற்கும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஒரு சாயங்காலம் கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. அடுத்த முறையும் காலி. தம்பியை ஓட்டிக்கொண்டு ரத்தம் சுத்தம் பண்ணும் பிரிவுக்குப் போய்க் கேட்டேன். நர்ஸ் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை.

"அவரா? ஞாயித்துக்கிழமையே போயிட்டாரே. வீட்டுல, தூக்கத்துல."

அவ்வளவுதான். அம்மாவுக்கு இனி ஆஸ்பத்திரியில் வேலை இல்லை. துக்கம் கேட்க என்னால் போக முடியாது. தம்பி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டக் கூடாது, நான் கட்டிலைத் தாண்ட முடியாது. தம்பியைத் திருப்பிக் கொண்டுவந்து அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். வழி கேட்டு வந்தவர்களுக்கு வழி சொன்னேன். ஷிஃப்ட் முடிந்ததும் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அக்கா வந்து விளக்கைப் போட்டபோதுதான் என் முகம் நனைந்திருப்பது எனக்குத் தெரிந்தது. துடைத்துவிட்டாள்.

விருது அறிவிப்பு வந்தது அதற்குப் பிறகுதான். ஒதுக்கப்பட்டவர்களை உள்ளே கொண்டுவரப் புதுமை செய்யும் நிறுவனங்களுக்கான விருது. மேடமே போனில் கூப்பிட்டுச் சொன்னார். விருதுக்குழு ஒரு நிபந்தனை போட்டிருந்ததாம்: இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் மனிதர் ஒருவரின் முகத்தையாவது காட்ட வேண்டும், ஒரு சின்னப் படமாக. விழாவில் பேச, தம்பியால் பயனடைந்தவர் என்று தையல்காரம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

முகம் காட்டலாம். அம்மா பார்ப்பார். விதியை மீறாமலேயே தெரிந்துவிடும்.

படம் எடுக்க வந்தார்கள். அக்கா லீவு போட்டு, எனக்குச் சவரம் பண்ணி, தலையைப் படிய வாரிவிட்டாள். கேமராக்காரர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்தார், சுவரைப் பார்த்தார், மூடினார். விளக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துப் பார்த்தார்.

"இடம் கொஞ்சம் டல்லா இருக்கு சார். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? எனக்கே அது டல்லாகத்தான் இருக்கிறது. ரேடியோவின் வீட்டில் பால்கனி உண்டு, பூந்தொட்டிகள் உண்டு, வெயில் வரும், அவள் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அவளைத்தான் எடுத்தார்கள். சாம்பல் நிற விரிப்பைக் கூட அவள் மடியில் வைத்து எடுத்தார்கள், ஒரு நோயாளி அவளுக்கு அன்போடு தைத்துக் கொடுத்தது என்று. அவள் எனக்குப் போன் பண்ணி, "அண்ணா, நான் சொல்லிப் பாத்தேன், அது உங்களோடதுன்னு. மூணு பேர்னு சொன்னா படம் பாக்குறவங்க குழம்பிடுவாங்கன்னுட்டாங்க" என்று அழுதாள். அவளைத் திட்ட வைத்திருந்த வார்த்தை எல்லாம் வீணாய்ப் போனது.

"விடும்மா. தம்பி ஒருத்தன்தானே" என்றேன்.

விழா சாயங்காலம். சாயங்காலம் என் ஷிஃப்ட். ஆகவே தம்பியை மேடையில் ஓட்டி விருதை வாங்க வேண்டியவன் நான்.

மண்டபம் முதல் மாடியில். வந்தவர்களுக்கு விரிப்புப் போட்ட அகலமான படிக்கட்டு. உள்ளே நுழையும் இடத்தில், யாரும் வெளியே நிற்காத உலகம் என்று பெரிய பலகை. தம்பியால் படி ஏற முடியாது என்பது வேனிலிருந்து இறக்கிய பிறகுதான் ஞாபகம் வந்து, கழுத்தில் அட்டை மாட்டிய ஒருங்கிணைப்பாளர் பெண் அங்குமிங்கும் ஓடினாள். கடைசியில் பின்பக்கத்துச் சாமான் லிஃப்டைக் கண்டுபிடித்தார்கள். படி ஏற முடியாத இன்னொருவரும் அங்கே வந்து நின்றார். தையல்காரம்மா. இளைத்திருந்தார். தோள்பட்டையில் ஊசிகள் இல்லை.

"வாங்கம்மா" என்றேன். எத்தனையோ சொல்ல இருந்தது. பக்கத்தில் அந்தப் பெண் நின்றாள்.

"நல்லா இருக்கியா தம்பி?" என்றார். தட்டிலிருந்த விரிப்பை ஒருமுறை நீவிவிட்டார். அவ்வளவுதான்.

கதவு திறந்தது. பெட்டி ஒரு விரல்கடை கீழே இறங்கி நின்றிருந்தது. கயிறு முனகும் சத்தமும் சரியில்லை, ஆள் பார்த்து வெகுநாள் ஆன லிஃப்ட். மூன்று பேரும் ஏறினோம்.

மேலே விளக்குகள் கண்ணைக் கூசவைத்தன. தம்பியின் கண்தான் என்றாலும் கூசியது எனக்கு. எங்களுக்கு முன்னால் வேறு சிலருக்கும் விருது கொடுத்தார்கள். காது கேளாதவர்களுக்கு வீட்டு மணி, குழந்தை அழுகை எல்லாவற்றையும் தலையணை அதிர்வாகச் சொல்லும் கருவி. பார்வை இல்லாதவர் பஸ் ஏறுவதற்கு வழிசொல்லும் கைத்தடி. சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய நாளை மாற்றுகிற வேலை. நான் ஓட்டுகிற தம்பியும் அப்படித்தான். எனக்கு ஒரு சாயங்காலத்தைக் கொடுத்தது அது. அதை மறுத்தால் நன்றி கெட்டவன் ஆவேன்.

எங்கள் முறை வந்தது. திரையில் படம் ஓடியது. பூந்தொட்டி, வெயில், கன்னக்குழி. "இதோ, தம்பி!" என்றார் தொகுப்பாளர். மண்டபமே எழுந்து நின்று தட்டியது. நான் தம்பியை முன்னால் நகர்த்தினேன். விருதைத் தட்டில், அந்த விரிப்பின் மேல் வைத்தார்கள். வழுக்கவில்லை. எல்லோருடைய பார்வையும் தம்பிக்கு மேலே, திரையில் இருந்த அவள் முகத்தில் இருந்தது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயிரம் பேருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என் அறையில் ஃபேன் சுற்றும் சத்தம் எனக்குக் கேட்டது.

தையல்காரம்மாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் திரையை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடியும் கைதட்டல்.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவருக்குத் தம்பி இனி அவள்தான். தாடைக்குக் கீழே குச்சி கனத்தது.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும் ஒருங்கிணைப்பாளர் பெண் தம்பியைக் கீழே அனுப்ப வந்தாள். அம்மா அவளைத் தடுத்தார்.

"நீ போய்ச் சாப்பிடும்மா. நானும் அதுலதான் இறங்கணும். நாங்க ரெண்டு பேரும் போயிக்குவோம்."

பின்பக்க வராந்தாவில் யாரும் இல்லை. பொத்தானை அழுத்திவிட்டு அம்மா சுவரில் சாய்ந்து நின்றார். லிஃப்ட் முனகிக்கொண்டு எங்கிருந்தோ வரத் தொடங்கியது.

"அந்தப் பொண்ணு காலையில வர்றது, இல்ல?" என்றார்.

தம்பியின் கழுத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

"வாயைத் தொறக்க மாட்டேங்கிற பாரு. மத்தியானம் ஒருத்தர் வருவாரு, யோசிச்சு யோசிச்சுப் பேசுவாரு. நீ சாயங்காலம். துணி ஒண்ணா இருந்தா என்ன, தைச்ச கை வேறன்னு தெரியாதா எனக்கு? பொழுதன்னைக்கும் அதைத்தானே பாக்குறேன்."

"அம்மா, எனக்குப் பேச அனுமதி..."

"அவங்க ரெண்டு பேரும் லிஃப்டு கதவு தொறந்தா நேரா உள்ள போயிருவாங்க. நீ மட்டும் ஒரு நிமிஷம் நிப்ப. குனிஞ்சு தரையைப் பாப்ப. அப்புறம்தான் போவ. மொதல்ல மெஷின்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். இன்னைக்கு வர்றப்பவும் பாத்த."

நான் அப்படிச் செய்வது எனக்கே தெரியாது. யாரும் சொன்னதில்லை. தெரியாமலேயே ஒவ்வொரு முறையும் தம்பியின் கழுத்தைக் குனிய வைத்திருக்கிறேன்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒருநாள் சொன்னேன். அவரு, 'அவன் எங்கயோ விழுந்து எழுந்தவன்டி'ன்னாரு."

எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. நான்காவது ஆள் ஞாபகத்துக்கு வந்தார். இந்தச் சாயங்காலங்களும் போனால் எனக்குச் சுவரும் குழாயும்தான் மிச்சம். ஆனால் இவர் இனி ஆஸ்பத்திரிக்கு வரப்போவதில்லை. பதிவானால் ஆகட்டும்.

"விழுந்தவன்தாம்மா. எழுந்திரிக்கல."

அவர் தம்பியின் கண்களையே பார்த்தார். யாரும் அங்கே பார்க்க மாட்டார்கள், தட்டைப் பார்ப்பார்கள் அல்லது தலைக்கு மேலே பார்ப்பார்கள். இவர் நேராக என்னைப் பார்த்தார்.

"என்னப்பா வேலை பாத்த?"

"லிஃப்ட் மெக்கானிக்."

லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது. நான் தாடையை அசைப்பதற்குள் அம்மா கையை நீட்டி தம்பியை மறித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முட்டியை மடக்கி, மெதுவாகக் குனிந்து உள்ளே பார்த்தார். காலால் ஒருமுறை தட்டியும் பார்த்தார்.

"தரை இருக்கு. வா."

நான் குனிந்து பார்க்கவில்லை. அவர் பார்த்தது போதும் என்று நேராக உள்ளே போனேன். அவர் தம்பியின் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். இங்கே, இந்த அறையில், என் தலை சூடானது.

கதவு மூடியது. ஒரே ஒரு மாடிதான். இன்னும் பத்து மாடி இருந்திருக்கலாம்.